பாட்டியைத் தூக்குவது எப்படி என்று கேட்ட சகோதரிக்கு

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நாலு வருஷமாக ஆயா வேலை பார்க்கிறேன். அதற்கு முன் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தேன். வயது 43. இல்லத்தில் 16 பேர் இருக்கிறார்கள். அதில் ஐந்து பேரால் தானாக எழுந்திருக்க முடியாது. பகலில் நாங்கள் மூன்று பேர், ராத்திரியில் ஒருத்திதான். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோன பாட்டி ஒருவர் 68 கிலோ. கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றும்போது அவர் என் கழுத்தைக் கட்டிக்கொள்வார், நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவேன். இரண்டு மாதமாக எனக்கு இடுப்பில் பிடிப்பு. சில நாள் வலி தொடை வரை இறங்குகிறது. போன மாதம் பாட்டி என் கையிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, அடி இல்லை. ஆனால் ‘உனக்குத் தூக்கத் தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டார்கள். இடுப்புக்கு பெல்ட் வாங்கிப் போட்டால் சரியாகுமா? சரியாகத் தூக்கும் முறை என்ன?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 68 கிலோ எடையுள்ள ஒருவரை ஒருத்தியாகத் தூக்குவதற்குச் சரியான முறை என்று எதுவும் இல்லை. குன்னூரில் இருபது வருடத்துக்கு மேலாக இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். அப்படி ஒரு முறையை யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை, நானும் யாருக்கும் கற்றுத் தந்ததில்லை. உங்களைப் பார்த்து ‘தூக்கத் தெரியவில்லை’ என்று சொன்னது நியாயமே இல்லை.

கணக்கைச் சொல்கிறேன். வேலையிடத்தில் உடம்புக்கு வரும் கேடுகளை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று உண்டு, நியாஷ் என்பார்கள். பெட்டி மாதிரி ஒரு பொருளை, கைப்பிடி, உயரம், தரை எல்லாமே சரியாக இருந்தால் 23 கிலோ வரை தூக்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அதே கணக்கை நோயாளிகளைத் தூக்குவதற்குப் பொருத்திப் பார்த்து, தாமஸ் வாட்டர்ஸ் என்ற நியாஷ் ஆய்வாளர் 2007-ல் ஒரு வரம்பு சொன்னார். 35 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 கிலோ. அதுவும் ஆள் ஒத்துழைத்து, சட்டென்று அசையாமல் இருந்தால்தான். வீட்டில் இருக்கிற நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ. உங்கள் பாட்டி இரண்டு சிலிண்டருக்கும் மேல். அந்த சிலிண்டர் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்காது. பாட்டி தொங்குகிறார்.

கொழுந்து எடுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். மூட்டை முதுகோடு ஒட்டித் தொங்கியதால்தான் அந்தச் சரிவில் அவ்வளவு எடையோடு ஏறி இறங்கினீர்கள். அதே மூட்டையைக் கைநீட்டி முன்னால் பிடித்தபடி பத்து அடி நடக்க முடியுமா? எடை உடம்பை விட்டு விலக விலக இடுப்பில் விழும் பாரம் பல மடங்காகும். கட்டிலின் மேல் குனிந்து ஒருவரைத் தூக்கும்போது அவர் எடை உங்களுக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருக்கிறது. அதோடு திரும்பவும் வேண்டியிருக்கிறது. குனிந்து, பாரத்தோடு, திருகித் திரும்புவது: இடுப்பு டிஸ்க்குக்கு இதைவிடக் கெட்டது எதுவும் இல்லை. ‘முட்டியை மடக்கித் தூக்கு, முதுகை நேராக வை’ என்று சுவரில் ஒட்டியிருப்பார்கள். அரிசி மூட்டைக்கு அது சரி. கட்டிலில் இருக்கும் மனிதரைத் தூக்க அது மட்டும் போதாது.

பெல்ட் விஷயம். வலி எடுக்கிற நாளில் கொஞ்ச நேரம் போட்டுக்கொள்வது இதமாக இருந்தால் போடுங்கள். ஆனால் பெல்ட் போட்டதால் அதிக எடை தூக்கலாம் என்று நினைக்காதீர்கள். நல்ல உடம்போடு வேலை பார்ப்பவர்களுக்கு முதுகு பெல்ட் காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நியாஷ் 1994-லேயே சொல்லிவிட்டது. அந்தக் காசுக்கு வேறொரு பெல்ட் வாங்கலாம், அது பாட்டிக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பாட்டியின் இரண்டு கால்களும் போய்விடவில்லை. வலது பக்கம் அவருடையதுதான், வேலை செய்கிறது. நீங்கள் அவரை முழுசாகத் தூக்கும்போது அந்த வலது காலுக்கு வேலையே கொடுக்காமல் விட்டுவிடுகிறீர்கள். நாம் செய்ய வேண்டியது அவர் எடையை அவர் கால் மேலேயே ஏற்றுவது. உங்கள் கை வழிகாட்டுவதற்கும் சாயாமல் பார்த்துக்கொள்வதற்கும்தான்.

நான் வாரம் இருமுறை போகும் ஒரு இல்லத்தில் இதே மாதிரி ஒரு தாத்தா இருந்தார். இரண்டு பேர் அக்குளைப் பிடித்து ‘எழுந்திரிங்க தாத்தா’ என்று மேலே இழுப்பார்கள். அவர் முதுகைப் பின்னால் தள்ளிக்கொண்டு மரக்கட்டை மாதிரி விறைப்பார். ‘ஒத்துழைக்க மாட்டேன்கிறார்’ என்று அலுத்துக்கொள்வார்கள். நான் போய் அவர் காலைப் பார்த்தேன். பாதம் இரண்டும் முட்டிக்கு ஒரு சாண் முன்னால் நீட்டியபடி இருந்தன. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, காலை முன்னே நீட்டிக்கொண்டு, முதுகைச் சாய்த்தபடியே எழுந்து பாருங்கள். முடியவே முடியாது. பாதத்தை முட்டிக்குப் பின்னே இழுத்துவைத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்தால், பிட்டம் தானாக மெத்தையை விட்டுக் கிளம்பும். தாத்தாவின் பாதங்களைப் பின்னுக்கு வைத்து, முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, ‘தாத்தா, அந்த ஸ்டூலைத் தொடுங்க’ என்றேன். தொடக் குனிந்தார், பிட்டம் மேலே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஆயா முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

இன்னொன்றையும் அங்கே கவனித்தேன். உதவி செய்பவர் நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டி நின்றால், முன்னால் சாய்வதற்கு இடம் எங்கே? நாமே அவர் எழுவதற்கான வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறோம்.

இனி உங்கள் பாட்டிக்கு வருவோம். அவர் பலம் வலது பக்கம். அதனால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்த பாட்டிக்கு வலது கைப்பக்கம் வீல்சேரைப் போடுங்கள், கட்டிலோடு சற்றுச் சாய்வாக. இரண்டு பிரேக்கும் போட்டாயிற்றா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். நம் ஊர் இல்லங்களில் வீல்சேர் பிரேக் பாதி தேய்ந்துதான் இருக்கும். கால்மிதியை மடக்கிவிடுங்கள் அல்லது கழற்றி வையுங்கள். கட்டில் பக்கத்துக் கைப்பிடியைக் கழற்ற முடிந்தால் இன்னும் நல்லது. யூரின் பை இருந்தால் அதை முதலில் நகர்த்துங்கள், இல்லாவிட்டால் டியூப் இழுபடும்.

படுத்திருந்தவரை உட்கார வைத்த உடனே எழுப்பாதீர்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழுந்ததும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். ஒன்றிரண்டு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்காரட்டும். தலைசுற்றல் இருக்கிறதா என்று கேளுங்கள், முகத்தைப் பாருங்கள். அந்த நேரத்தில் செருப்பு போட்டுவிடுங்கள். நம் மலையில் குளிருக்கு சாக்ஸ் மாட்டிவிடுகிறோம். பழைய பங்களாக்களில் போட்டிருக்கிற வழவழப்பான சிவப்பு சிமெண்டுத் தரையில் சாக்ஸ் காலோடு நிற்பது ஐஸ்மேல் நிற்பது போலத்தான். சாக்ஸின் மேல் பின்பட்டை வைத்த ரப்பர் செருப்பு கட்டாயம். சால்வையையும் கழற்றி வையுங்கள், அது நழுவி இருவர் காலிலும் சிக்கும்.

பிட்டத்தைப் பக்கத்துக்குப் பக்கம் ஆட்டி ஆட்டி மெத்தையின் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள். பாதம் பின்னால். இடது காலின் முட்டிக்கு முன்னால் உங்கள் முட்டியை வைத்து, அது மடங்கிவிடாமல் அணைகொடுங்கள். உங்கள் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் இருக்கட்டும். பாட்டியின் வலது கை மெத்தையை ஊன்றட்டும். ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று அவரையும் சேர்ந்து எண்ணச் சொல்லுங்கள். மூன்றில் அவர் முன்னால் சாய்ந்து எழ, நீங்கள் முன்காலிலிருந்து பின்காலுக்கு எடையை மாற்றுங்கள். நின்றதும் ஒரு மூச்சு விடுங்கள். அப்புறம் சின்னச் சின்ன அடியாக இருவரும் திரும்புங்கள். உங்கள் பாதமும் திரும்ப வேண்டும், இடுப்பை மட்டும் திருகக் கூடாது. நாற்காலி அவர் முழங்காலின் பின்புறம் தட்டுப்பட்டதும், வலது கையால் தூரத்துக் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். உட்காரும்போதும் முன்னால் சாய்ந்தபடியேதான் உட்கார வேண்டும். தொப்பென்று விழக் கூடாது.

எங்கே பிடிப்பது? அக்குளில் வேண்டாம். கை விழுந்துபோனவரின் தோள்மூட்டை அதைச் சுற்றியுள்ள தசைதான் பந்தும் கிண்ணமுமாகச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தத் தசை செத்துக் கிடக்கும்போது அக்குளில் கை கொடுத்தோ கையைப் பிடித்தோ இழுத்தால் மூட்டு கீழே இறங்கிவிடும். என் ஆரம்ப காலத்தில், ஒரு மருத்துவமனையில், அவசரத்தில் ஒரு அம்மாவை அப்படித்தான் நான் எழுப்பினேன். அடுத்த நாளிலிருந்து அவருக்குத் தோள் வலி. பக்கவாதத்தைவிட அந்த வலிதான் அவரை மாதக்கணக்கில் தூங்கவிடாமல் செய்தது. அதன்பின் யார் அக்குளிலும் நான் கை வைத்ததில்லை.

புடவைக் கொசுவத்தையோ நைட்டியையோ பிடிக்காதீர்கள். வெள்ளை முண்டு கட்டிய படகர் இனப் பாட்டிகளையும் துணியைப் பிடித்து எழுப்புவதைப் பார்த்திருக்கிறேன். துணி கையோடு வரும், ஆள் கீழே போவார். இதற்குத்தான் அந்தப் பெல்ட். நாலு விரல் அகலத்தில், தடித்த பருத்திப் பட்டையில், இரண்டு பக்கமும் கைபிடிக்க வளையம் வைத்துத் தைத்தது. மருத்துவக் கடையில் கிடைக்கும், பைக்கு நாடா தைக்கும் தையல்காரரும் தைத்துத் தருவார். பாட்டியின் இடுப்பில், உடைக்கு மேலே, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். வயிற்றில் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் வயிற்றில் டியூப் இருப்பவர்களுக்கும் கட்டக் கூடாது. அதைப் பிடித்து ஆளைத் தூக்கவும் கூடாது. அது சாயாமல் நிறுத்துவதற்கு மட்டும்தான்.

கழுத்தைக் கட்டிக்கொள்வது பற்றி. பாட்டி அப்படிச் செய்வது பயத்தால். ஒருமுறை விழுந்துவிட்டார் அல்லவா, இனி இன்னும் இறுக்கமாகவே பிடிப்பார். ‘கையை எடுங்க’ என்றால் எடுக்க மாட்டார். அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். ‘பாட்டி, மெத்தையை நல்லா அமுக்குங்க’, ‘அந்தப் பிடியைப் பிடிங்க’. என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொல்லுங்கள், தினமும் ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் பிடி தளரும்.

இதெல்லாம் ஒரு காலாவது தாங்குபவருக்கு. நிற்கவே முடியாதவருக்கு இந்த வழி இல்லை. அவரைக் கட்டிலில் மேலே நகர்த்துவதற்கும் திருப்புவதற்கும் இரண்டு பேர் வேண்டும், விரிப்பு வேண்டும். குடைத்துணி மாதிரி வழுக்குகிற நைலான் துணியை இரண்டு முனையும் திறந்த தலையணை உறை போல அகலமாகத் தைத்து, தோளிலிருந்து பிட்டம் வரை அடியில் போட்டால், துணி துணியின் மேலேயே சறுக்கும். ஆளைத் தூக்காமலே இழுத்துவிடலாம். தோலும் அதிகம் உராயாது, படுக்கைப் புண்ணுக்கு இந்த உராய்வும் ஒரு காரணம். வேலை முடிந்ததும் அந்தத் துணியை உருவி எடுத்துவிடுங்கள். மறந்து விட்டால் அவர் ராத்திரி சறுக்கிக் கட்டிலை விட்டே இறங்கிவிடுவார்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அப்படிப்பட்டவரை மாற்ற ஹாய்ஸ்ட்தான் வழி, அதாவது ஆளைத் துணித் தொட்டிலில் உட்காரவைத்துத் தூக்கி மாற்றும் சக்கரம் வைத்த கருவி. கையால் பம்ப் அடிக்கும் ஹைட்ராலிக் வகையே போதும். வாங்கச் சொல்வதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஹாய்ஸ்ட்டின் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டும். நம் பக்கத்துப் பழைய பெட்டிக் கட்டில்களில் நுழையாது. அதன் சின்னச் சக்கரம் நிலைப்படியைத் தாண்டாது. அதனால் ஒரே அறைக்குள் வேலை முடியுமாறு நாற்காலியை உள்ளே கொண்டுவர வேண்டும்.

கட்டில் உயரம் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பாதம் தரையில் முழுதாகப் படிந்து, இடுப்பு முட்டியைவிடக் கொஞ்சம் மேலே இருந்தால் எழுவது சுலபம். தாழ்வான மரக்கட்டில் என்றால் நான்கு காலுக்கும் மரக்கட்டை வையுங்கள், கட்டில் கால் உள்ளே இறங்கி உட்காரும்படி தச்சரிடம் குழி எடுத்து. செங்கல் வைக்காதீர்கள். டயப்பர் மாற்றுவதும் உடம்பு துடைத்துவிடுவதும் பத்து நிமிடம் குனிந்தபடி செய்கிற வேலை. அந்தக் குனிதலும் இடுப்பைக் கெடுக்கும். ஒரு முட்டியைக் கட்டில் மேல் ஊன்றிக்கொள்ளுங்கள்.

ராத்திரி வேலை பற்றி இன்னொரு செய்தி. தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரம் முதுகெலும்பு டிஸ்க்குகள் நீர் ஏறி உப்பியிருக்கும். அந்த நேரத்தில் குனிந்தால் அவற்றில் விழும் அழுத்தம் மற்ற நேரத்தைவிட அதிகம். நீங்கள் அதிகாலை ஐந்து மணிக்கு, மார்கழிப் பனியில், பாயிலிருந்து எழுந்த கையோடு பாட்டியை எழுப்பப் போகிறீர்கள். உங்களுக்கும் விறைப்பு, பாட்டிக்கும் விறைப்பு. எழுந்ததும் பத்து நிமிடம் நடங்கள். வெந்நீர் போடுங்கள், டீ குடியுங்கள், குனியாத வேலையை முதலில் செய்யுங்கள். பாட்டிக்குப் படுத்தபடியே கணுக்காலையும் முட்டியையும் பத்துப் பத்து முறை மடக்கி நீட்டிவிட்டு, பிறகு எழுப்புங்கள்.

விழுந்த அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர் உங்கள் உடம்போடு சறுக்கித் தரையில் உட்கார்ந்தார் என்றால் நடக்கக்கூடியதில் நல்லதே நடந்திருக்கிறது. விழுகிறவரைப் பிடித்து நிறுத்தப் பார்த்தால் இருவரும் விழுவீர்கள். நெருங்கி நின்று, தலையைக் காத்து, உங்கள் தொடைமேல் சறுக்கிக் கீழே இறங்க விடுவதுதான் முறை. இறங்கிய பிறகு அவசரமே இல்லை. ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ, தொடையில் தாங்க முடியாத வலி இருந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் தலையில் லேசான அடியும் லேசானதல்ல. ராத்திரி தனியாக இருந்தால் தலையணை வையுங்கள், அடியிலும் மேலும் கம்பளி போடுங்கள், போனில் ஆளைக் கூப்பிடுங்கள். பாட்டி அரை மணி நேரம் தரையில் கம்பளியோடு இருப்பதால் ஒன்றும் ஆகாது. உங்கள் டிஸ்க் பிதுங்கினால் ஆகும்.

உங்கள் இடுப்புக்கு: முழுப் படுக்கை ஓய்வு வேண்டாம், நடமாடுங்கள், ஆனால் இரண்டு வாரமாவது தனியாக யாரையும் மாற்றாதீர்கள். வலி முட்டிக்குக் கீழே இறங்கினால், பாதம் மரத்தால், காலைத் தூக்கிவைக்க முடியாமல் போனால் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தாலும், உட்காரும் இடம் மரத்துப்போனாலும் அன்றைக்கே உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், ஒரு நாள் கூடத் தள்ளிப்போடக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்களுக்கும் பாட்டிக்கும் என்ன கிடைக்கும் என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நிர்வாகத்திடம் பேச உங்களுக்குத் தயக்கம் இருக்கும். வலியைப் பற்றிப் பேச வேண்டாம், கட்டிலைப் பற்றிப் பேசுங்கள். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு அட்டை: ‘ஒரு ஆள்’, ‘இரண்டு ஆள்’, ‘ஹாய்ஸ்ட்’ என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ‘இரண்டு ஆள்’ என்ற அட்டை ஒன்று தொங்கினாலே ராத்திரிக்கு ஒருத்தி போதாது என்பது வருகிற சொந்தக்காரர்கள் கண்ணிலும் படும். என் கடிதத்தையும் காட்டுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

எனக்கு மூன்று அளவு எழுதி அனுப்புங்கள். தரையிலிருந்து பாட்டியின் மெத்தை மேல்மட்டம் எத்தனை அங்குலம், வீல்சேரின் இருக்கை எத்தனை அங்குலம், கட்டிலுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி. கட்டையை எவ்வளவு உயரத்துக்கு வைப்பது, அந்த அறைக்கு எந்த ஹாய்ஸ்ட் நுழையும் என்று அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.